ஆடினால் பயமில்லை

பிரெடரிக் கோட்டை வாசலைத் தாண்டியதும் மர நிழலில் ஒரு மான் படுத்திருந்தது. திருகோணமலையில் இது புதினமில்லை. இங்கே மான்கள் தெருவோரத்தில் மாடுகளைப் போலத் திரிகின்றன. அதன் விலாவில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. மான் தலையைத் திருப்பவில்லை, வாலைக்கூட அசைக்கவில்லை. ஈ இருந்த இடத்துத் தோல் மட்டும் விறுக்கென்று சிலிர்த்தது. ஈ போய்விட்டது.

என்னோடு வந்தவன் என் ஆங்கில வகுப்பு மாணவன், கிண்ணியாக்காரன். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். "இதுக்கு இங்கிலீசுல என்ன சேர்? ஷிவரா, ட்ரெம்பிளா?" என்று கேட்டான்.

இரண்டுமில்லை, குவிவர் என்றேன்.

"மூணுக்கும் நடுக்கம் எண்டுதானே அகராதியில போட்டிருக்கு?"

போட்டிருக்கிறதுதான். குற்றம் அகராதியில். குளிரில் உடம்பு ஆடினால் ஷிவர். அதற்கு நம்மிடம் தனிச்சொல் இருக்கிறது. வாடைக் காலத்தில் விடியற்காலை நனைந்து கரையேறுகிறவர் நடுங்குகிறது என்று சொல்லமாட்டார், 'கொடுகுது' என்பார். பயத்தாலோ கோபத்தாலோ தளர்ச்சியாலோ கை ஆடினால் ட்ரெம்பிள்; நடுக்கம் என்ற சொல்லை அதற்கு வைத்துக்கொள்ளலாம். உதடு, இலை, மான் தோல் என்று மெல்லிசான ஒன்று நுண்மையாக அதிர்ந்தால் குவிவர். அருவருப்பில் உடம்பு முழுவதையும் உலுப்பிவிட்டுப் போவது ஷடர். இந்த நாலையும் 'நடுக்கம்' என்ற ஒரே பெட்டிக்குள் அடைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வரவில்லை என்கிறோம்.

ஆங்கிலக்காரனும் அப்படித்தான். மாங்கொப்பை உலுப்புகிறோம், மருந்துப் போத்தலைக் குலுக்குகிறோம், துவாயை உதறுகிறோம், தலையை ஆட்டுகிறோம். அவனுக்கு எல்லாமே ஷேக். குலுங்குவது எது, குலுக்குவது எது என்று நம்முடைய வினைச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். ஷேக்கில் அதுவும் கிடையாது. நம்முடைய தலையாட்டலுக்கு மட்டும் அவன் பாவித்த சொல் வொபிள், சில்லுக் கழன்ற வண்டிக்குச் சொல்வது. ஆம் என்கிறோமா இல்லை என்கிறோமா என்று பிடிபடாத கோபம் அந்தச் சொல்லில் இருப்பதாகத்தான் எனக்குப் படும்.

வொபிள், விகிள், வேகிள், ஜிகிள், ஜொகிள். ஒரு பக்கம் இவை. மறுபக்கம் குவிவர், ஷடர், டொட்டர், டீட்டர், ஸ்டாகர், ஃப்ளட்டர். பையனைக் கொப்பியில் இரண்டு நிரலாக எழுதச் சொன்னேன். வால் ஒன்றுபோல இருப்பதை அவனே கண்டுபிடித்தான். பழைய ஆங்கிலத்திலும் அதன் உறவு மொழிகளிலும், ஒரு செயல் சின்னச் சின்னதாகத் திரும்பத் திரும்ப நடக்கிறது என்று சொல்லச் சேர்த்த விகுதிகள் இந்த 'எர்', 'இள்'. ட்ரெம்பிளின் வால் மட்டும் இரவல். அது பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் சொல்.

"நமக்கு அப்படி வால் இல்லையா சேர்?"

நாம் வால் வைப்பதில்லை, சொல்லையே இரண்டு தரம் சொல்லிவிடுகிறோம். வெடவெட, கிடுகிடு, வெலவெல, லொடலொட. இரட்டைக்கிளவி பிரிந்து வராது என்று தொல்காப்பியர் விதித்துவிட்டார். 'வெட' என்று பாதியில் நிறுத்தினால் பொருளே இல்லை. ஆட்டம் என்றால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சேர்ந்ததுதானே. இதில் தமிழின் கெட்டித்தனம் ஒருபடி கூட என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. மொழியியல் படித்தவர்கள் பக்கத்தில் இருந்தால் சொல்வதில்லை.

அவனுடைய வாப்பா மீன்பிடிக்கிறவர். ஒருநாள் பின்னேரம் எங்களைத் தன் பைபர் வள்ளத்தில் குடாவுக்குள் கூட்டிப்போனார். கச்சான் காற்றுக் காலம். (கச்சான் என்றால் கடலையும்தான், கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு இதை விளங்கப்படுத்தி எனக்கு அலுத்துவிட்டது.) வள்ளம் குறுகக் குறுக வெட்டி ஆடியது. நான் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் சிரித்தார்.

"ஆடுற வள்ளத்துக்குப் பயப்படாதீங்க சேர். ஆடாமச் சரிஞ்சு நிக்கிறதுக்குத்தான் பயப்படணும்."

கப்பல் சாத்திரம் சொல்வதும் இதையேதான். பாரம் கீழே இருந்தால் கப்பல் வெடுக்கென்று ஆடி வெடுக்கென்று நிமிரும்; உள்ளே இருப்பவருக்குக் குடல் புரளும், கப்பலுக்கு ஒன்றுமில்லை. அதை ஆங்கில மாலுமிகள் ஸ்டிஃப் என்பார்கள். பாரம் மேலே ஏறினால் கப்பல் ஆறுதலாகச் சரிந்து, சரிந்த இடத்தில் கொஞ்சம் யோசித்து, பிறகு நிமிரும். பயணிக்குத் தொட்டில் ஆட்டுவது போல இதமாக இருக்கும். அதன் பெயர் டெண்டர். கரையில் கனிவான சொல், கப்பல் தலைவனுக்கு எச்சரிக்கை. அடியில் தண்ணீர் தேங்கித் தளும்பினால் இன்னும் மோசம்; கப்பல் சரிகிற பக்கமே தண்ணீரும் ஓடிப்போய்ப் பாரம் கொடுக்கும். கப்பலின் அசைவுகளை ஆறாக வகுத்து ரோல், பிச், யோ என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். சரிந்தே நிற்கும் நிலை அந்த ஆறில் சேராது. அது வேறு கணக்கு, லிஸ்ட்.

ஆடாமலே அழிவு வருவதை இந்தத் துறைமுகமே பார்த்திருக்கிறது. 1944 ஆகஸ்ட் 8 அன்று, பிரித்தானியக் கடற்படையின் 23ஆம் இலக்க மிதக்கும் கப்பல்தளம், வேலியன்ட் என்ற போர்க்கப்பலைத் திருத்த வேலைக்காகத் தூக்கியது. கப்பலின் எடை 30,000 டன்னுக்கு மேல். எதிரி யாரும் குண்டு போடவில்லை. இயற்கைத் துறைமுகங்களில் பேர்போன இந்த அமைதியான தண்ணீரில் தளம் முறிந்து மூழ்கியது. வேலியன்ட் தப்பியது, அதன் சுக்கானும் விசிறிகளும் சேதப்பட்டன. தள்ளாட்டத்துக்கான சொற்கள் ஒன்றுக்கும் அன்றைக்கு வேலை இருந்திருக்காது.

பையனின் ஊரான கிண்ணியாவில் 2009இல் பெரிய பாலம் திறக்கும்வரை மக்கள் பாதையில்தான் கடந்தார்கள். கிழக்கில் பாதை என்றால் தெரு மட்டுமில்லை, ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கும் மிதவையும் பாதைதான். பிறகு அதே கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் புதுப் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்ததால் அங்கே திரும்பவும் மிதப்புப் பாதை ஓடியது. 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்தது. இறந்தவர்களில் பள்ளிக்கூடம் புறப்பட்ட பிள்ளைகளும் இருந்தார்கள்.

வள்ளத்திலிருந்து இறங்கும்வரை பையன் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த வகுப்புக்கு அவன் கொப்பியை முடித்துக் கொண்டுவந்தான். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் எதிரே ஒரு தமிழ் வினை, அதற்கும் பக்கத்தில் ஓர் இரட்டைச் சொல். ஷிவர், கொடுகு, வெடவெட. டொட்டர், தள்ளாடு, தட்டுத்தடுமாறி என்று எழுதியிருந்தான். அது இரட்டைக்கிளவி இல்லை, ஆனாலும் சரி போட்டேன். ஃபௌண்டர் என்பதையும் 'எர்' நிரலில் சேர்த்திருந்தான். அதை வெட்டினேன், அடி, தரை என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது, கப்பல் அடிக்குப் போவதைச் சொல்வது.

கடைசி வரியில் கப்சைஸ் என்று எழுதி, எதிரே 'கவிழ்' என்று போட்டிருந்தான். மூன்றாவது நிரலை வெறுமையாக விட்டிருந்தான்.

"இதுக்கு ரெண்டு தரம் சொல்ற சொல் இல்ல சேர்," என்றான்.