மாத்திரையும் மாலை நேரக் கோபமும்



உங்கள் பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. என்று மருத்துவர் சொல்லி, காலைதோறும் மாத்திரை கொடுக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். பள்ளியிலிருந்து வரும் புகார்கள் குறைந்துவிட்டன. வகுப்பில் உட்காருகிறான், கணக்கை முடிக்கிறான். ஆனால் வீடு திரும்பியதும் வேறொரு பிள்ளையாகிவிடுகிறான். தங்கையைத் தள்ளுகிறான், தட்டை வீசுகிறான், ஒரு சொல்லுக்குத் தேம்பித் தேம்பி அழுகிறான். "இதற்கு அவன் முன்பு ஓடிக்கொண்டிருந்ததே மேல்" என்று மனம் கசந்து ஒருநாள் மாத்திரையை நிறுத்திவிடுகிறீர்கள். மருத்துவரிடம் சொல்ல வெட்கம்; அடுத்த முறை போவதுமில்லை. ஆறு மாதம் கழித்துப் பள்ளி உங்களை மீண்டும் அழைக்கிறது.

மும்பையிலும் பெங்களூரிலும் டில்லியிலும் பிழைக்க வந்த நம் குடும்பங்களில் இப்படி நின்றுபோகும் சிகிச்சைகள் அநேகம். மாத்திரையை நிறுத்துவதற்கு முன் நீங்கள் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. பிள்ளைக்குக் கோபம் எந்த மணிக்கு வருகிறது என்று எழுதிவையுங்கள்.

அது ஏன் முக்கியம் என்று அறிய, மருந்தைப்பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது நல்லது. நம் நாட்டில் இக்குறைபாட்டுக்குப் பெரும்பாலும் கொடுக்கப்படுவது மெத்தில்பெனிடேட். 1944-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிஸான் என்ற வேதியியலர் அதை உருவாக்கினார். தம் மனைவி ரீட்டாவின் பெயரால் அதற்கு ரிட்டலின் என்று பெயரிட்டார். பலர் எண்ணுவதுபோல் இது பிள்ளையை மயக்கி உட்காரவைக்கும் தூக்க மருந்தன்று, ஊக்க மருந்து. மூளையில் செய்தி கடத்தும் டோபமின், நார்அட்ரினலின் என்னும் பொருள்கள் விரைவில் உறிஞ்சப்பட்டு மறைந்துவிடாதபடி இது தடுக்கிறது. அதனால் பிள்ளையின் கவனம் ஓரிடத்தில் நிலைக்கிறது.

சாதாரண மாத்திரையின் வேலை மூன்று முதல் நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். மெதுவாகக் கரையும் வகை, அதன் தயாரிப்பைப் பொறுத்து, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை நிற்கும். மருந்து உடலைவிட்டு இறங்கும்போது சில பிள்ளைகளுக்கு எரிச்சலும் அழுகையும் அலைச்சலும் முன்னிலும் அதிகமாகப் பொங்கும். அரை மணி அல்லது ஒரு மணி நேரம் இருந்து பின்பு தணிந்துவிடும். தினமும் ஏறக்குறைய ஒரே வேளையில் வந்து தானாய் அடங்கும் கோபமானால், அது பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தது. இதற்கு மருத்துவரிடம் வழிகள் உண்டு. நீண்ட நேரம் நிற்கும் வகைக்கு மாற்றலாம். மதியத்தில் சிறிய அளவு சேர்க்கலாம். கொடுக்கும் நேரத்தை நகர்த்தலாம்.

மாத்திரை போட்ட ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே பிள்ளை முகம் வாடி, சிரிப்பை மறந்து, யாரும் தொட்டால் சீறுகிறதா? அப்படியானால் அளவு அதிகமாக இருக்கலாம். மருத்துவர் அதைக் குறைத்துப் பார்ப்பார். காலை முதல் இரவு வரை, மாத்திரை போடாத நாளிலும் எரிச்சல் தொடர்ந்தால் காரணம் வேறாக இருக்கக்கூடும். மாத்திரை தொடங்கும் முன்பே பிள்ளை இப்படி இருந்ததா என்று நிதானமாய் நினைத்துப் பாருங்கள். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளில் பலருக்கு முன்கோபமும் கூடவே இருக்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கு நடுவே தடுமாறும் பிள்ளைக்குள் பயம் ஒளிந்திருக்கலாம். எழுத்துக்கூட்டி வாசிப்பதிலேயே தனியாக ஒரு கற்றல் குறைபாடு இருக்கலாம். இவற்றை மாத்திரையின் தலையில் சுமத்தினால் பிள்ளைக்கு எந்த உதவியும் கிடைக்காது.

ஆகவே இரண்டு வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மாத்திரை கொடுத்த மணி, சாப்பிட்டவை, தூங்கிய நேரம், கோபம் தொடங்கிய மணி, முடிந்த மணி ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். "டாக்டர், ரொம்பக் கோபப்படுகிறான்" என்று சொல்வதைவிட இந்தக் குறிப்பு மருத்துவருக்கு மிகுந்த உதவியாயிருக்கும்.

அந்த நோட்டில் நீங்கள் முதலாவது காணப்போவது அநேகமாகப் பசிதான். இம்மருந்து பசியைக் குறைக்கும். டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வரும். காலை ஏழு மணிக்கு அரை டம்ளர் பாலோடு புறப்பட்ட பிள்ளை மதியம் வரை வெறும் வயிற்றோடு இருந்தால் எந்தப் பிள்ளைக்குத்தான் கோபம் வராது? மாத்திரைக்கு முன்பே இட்லியோ முட்டையோ வாழைப்பழமோ வயிற்றுக்குள் போய்விடட்டும். வீடு திரும்பியதும், "இன்று என்ன எழுதினாய்?" என்று கேட்கும் முன், புத்தகப் பையைத் திறக்கும் முன், சாப்பாடு கொடுங்கள். இரவில் பசி திரும்பும்போது தாராளமாய்ப் பரிமாறுங்கள். எடையையும் உயரத்தையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது அளக்க வேண்டும். நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் மருத்துவர் பார்ப்பார்.

சகோதரிகளே, இன்னொன்று. பிள்ளை விழுங்க மறுக்கிறது என்று மாத்திரையைப் பொடித்துப் பழத்தில் கலந்து கொடுக்கிறீர்களா? மெதுவாகக் கரையும் வகையை ஒருபோதும் பொடிக்கவோ மெல்லக் கொடுக்கவோ கூடாது. நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

அடுத்தது டியூஷன். நகரங்களில் நம் பிள்ளைகள் பள்ளி விட்டதும் மாலை ஐந்து முதல் ஏழு வரை டியூஷனுக்கு அனுப்பப்படுகிறார்கள். பல பிள்ளைகளுக்கு மருந்து இறங்கும் நேரமும் அதுவே! கவனம் மிகக் குறைந்திருக்கும் வேளையில் மிகக் கடினமான பாடத்தை வைத்துவிட்டு அடிக்கிறோம். அந்த ஒரு மணி நேரத்தை ஓட்டத்துக்கும் விளையாட்டுக்கும் விட்டுவிடுங்கள். மைதானம் இல்லாவிட்டால் மொட்டை மாடி போதும். கடைக்கு அனுப்புங்கள், தண்ணீர்க் குடம் தூக்கச் சொல்லுங்கள். பாடத்தை அதற்குப் பின் வைத்துக்கொள்ளலாம்.

பாடத்தையும் துண்டு துண்டாக்குங்கள். பத்து அல்லது பதினைந்து நிமிடம், பின்பு சிறிது ஓய்வு. பக்கத்தில் பத்துக் கணக்கு இருந்தால் கீழுள்ள ஐந்தைக் காகிதத்தால் மூடிவையுங்கள். ஒற்றை அறை வீடானால் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, பிள்ளையைச் சுவரைப் பார்த்து உட்கார வையுங்கள். அடுப்படியிலிருந்து கூவாமல் அருகில் சென்று, தோளில் கைவைத்து, ஒரு நேரத்தில் ஒரு கட்டளை மட்டும் சொல்லுங்கள். முடித்தவுடன் அங்கேயே பாராட்டுங்கள். மாதக் கடைசியில் சைக்கிள் என்ற வாக்குறுதி இந்தப் பிள்ளைகளுக்கு வெகுதூரம். கோபம் பொங்கும்போது விவாதிக்காதீர்கள், அடிக்காதீர்கள். தணிந்தபின் பேசலாம்.

இதெல்லாம் மருந்துக்கு முன் எம்மாத்திரம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 579 பிள்ளைகளைப் பதினான்கு மாதம் கவனித்து 1999-இல் வெளியிடப்பட்ட பெரிய ஆய்வில், கவனக் குறைவுக்கும் அலைச்சலுக்கும் மருந்தே மிகுந்த பலன் தந்தது. ஆனால் மருந்தோடு பெற்றோர் பயிற்சியும் நடத்தைப் பயிற்சியும் சேர்த்துப் பெற்ற பிள்ளைகளுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமாயிருந்தது. அளவு குறைந்தால் பக்கவிளைவும் குறைய வாய்ப்புண்டு. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கோ, முதலில் பெற்றோர் பயிற்சியையே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் சொல்லுகிறது.

விடுமுறையில் சொந்த ஊருக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். மெத்தில்பெனிடேட் நம் நாட்டில் எக்ஸ் அட்டவணையில் உள்ள மருந்து. இரண்டு பிரதியாக எழுதிய மருந்துச் சீட்டு வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு பாதுகாக்க வேண்டும். உரிமம் பெற்ற கடைகள் மட்டுமே விற்கும். சிறிய ஊர்களில் கிடைப்பது அரிது. போதுமான மாத்திரைகளையும் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாத்திரை கொடுக்க வேண்டாம் என்று சில வீடுகளில் தாங்களாகவே தீர்மானித்துவிடுகிறார்கள். பின்பு மூன்று மணி நேர ஆராதனையில் பிள்ளை கீபோர்டுக்கும் வாசலுக்குமாக ஓடும்போது எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். இடைவெளி விடலாமா என்பதை மருத்துவரே சொல்லட்டும். பாய் விரிக்கவும் பாட்டுப் புத்தகம் கொடுக்கவும் பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள். "இது அடங்காத ஆவி, மாத்திரையை நிறுத்து" என்று யாராவது சொன்னால், அவர்களுடைய ஜெபத்தை நன்றியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். மாத்திரையைப்பற்றிய தீர்மானத்தை, அதை எழுதிக்கொடுத்தவரிடம் விட்டுவிடுங்கள்.

எல்லாம் செய்தும் எரிச்சல் நீங்காவிட்டால் அட்டமாக்ஸெடின் போன்ற வேறு மருந்துகள் உண்டு. அதன் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதிலும் மனநிலையைக் கவனித்துவர வேண்டும். குளோனிடின் கொடுக்கப்பட்டிருந்தால் திடீரென்று நிறுத்தக்கூடாது. இரத்த அழுத்தம் ஏறிவிடும்.

பிள்ளை மயங்கி விழுந்தாலும், நெஞ்சு வலிக்கிறது என்றாலும், இல்லாததைக் காண்பதாகச் சொன்னாலும், சாகவேண்டும் என்று பேசினாலும் காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசுகிறார்கள். பெங்களூரில் இருப்பவர்களுக்கு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் குழந்தைகளுக்கான மனநலப் பிரிவு உண்டு.

மருத்துவரிடம் போகுமுன் பிள்ளையிடமும் கேளுங்கள்: "மாத்திரை போட்டால் உனக்கு எப்படி இருக்கிறது?" எட்டு வயதுப் பிள்ளையும் இதற்குப் பதில் சொல்லும். "தலை இறுக்கமாக இருக்கிறது", "விளையாடத் தோன்றவில்லை", "சாயங்காலம் எல்லாரும் கத்துவதுபோல் இருக்கிறது" என்று அது சொல்வதை, அதே வார்த்தைகளில் அந்த நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.