பதினாறரை கிலோமீட்டர் நீள அலை

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டாரத்தில், விஜயநாராயணத்தில் இருக்கிறது ஐஎன்எஸ் கட்டபொம்மன். பெயரைக் கேட்டால் போர்க்கப்பல் என்று தோன்றும். அது இந்தியக் கடற்படையின் வானொலி நிலையம். கடலுக்கடியில் இருக்கும் நம் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புவதற்காக 1990-ல் தொடங்கப்பட்டது. 2014-ல் அங்கே சேர்ந்த புதிய கோபுரங்களின் உயரம் 471 மீட்டர். பாரிஸின் ஈஃபில் கோபுரமே 330 மீட்டர்தான். இவ்வளவு உயர்த்திக் கட்டியும், அந்த நிலையம் அனுப்பும் அலைக்கு அது மிகக் குட்டையான ஆண்டெனா. முறைப்படி பார்த்தால் அங்கே நான்கு கிலோமீட்டர் உயரக் கோபுரம் நிற்க வேண்டும்.

காரணம், பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் எழுதிப் பார்த்த சின்னச் சமன்பாடு: வேகம் = அதிர்வெண் × அலைநீளம். இதை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. ரயில்வே கேட்டில் காத்திருக்கும்போது சரக்கு ரயில் போகிறது. ஒரு நிமிடத்தில் எத்தனை பெட்டிகள் கடந்தன, ஒரு பெட்டியின் நீளம் எவ்வளவு என்று தெரிந்தால், இரண்டையும் பெருக்கி ரயிலின் வேகத்தைச் சொல்லிவிடலாம். அலைக்கும் அதே கணக்குதான். ஒரு நொடியில் நம்மைக் கடக்கும் முகடுகளின் எண்ணிக்கை அதிர்வெண். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே உள்ள தூரம் அலைநீளம்.

ஆனால் இந்த மூன்றும் சரிசமமானவை இல்லை. அதிர்வெண்ணை முடிவு செய்வது அலையை எழுப்புகிற கருவி. வேகத்தை முடிவு செய்வது பெரும்பாலும் அலை கடந்துபோகும் பொருள். அலைநீளத்துக்குச் சொந்த விருப்பம் கிடையாது. மற்ற இரண்டும் சேர்ந்து அதை நிர்ணயிக்கின்றன. பாடப்புத்தகத்தில் எண்களைக் கொடுத்து விடை காணச் சொல்கிறார்கள். எது மாறும், எது மாறாது என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

வானொலி அலையும் ஒளியும் ஒரே இனம். காற்றில் இரண்டின் வேகமும் நொடிக்குக் கிட்டத்தட்ட 3 லட்சம் கிலோமீட்டர். வேகம் மாறாததால், அதிர்வெண் இரண்டு மடங்கானால் அலைநீளம் பாதியாகிவிடும். சென்னை வானொலியின் மத்திய அலை 720 கிலோ ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 7 லட்சத்து 20 ஆயிரம் அதிர்வுகள். வகுத்துப் பார்த்தால் அலைநீளம் சுமார் 416 மீட்டர். திருச்சியின் 936 கிலோ ஹெர்ட்ஸுக்கு 320 மீட்டர். சிற்றலையில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு 25 மீட்டர், 41 மீட்டர் என்ற எண்கள் மறந்திருக்காது. அவையும் அலைநீளங்களே.

இந்த நீளத்தை முதன்முதலில் அளந்து காட்டியவர் ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ். 1888-ல், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில், கல்லூரி அரங்கு ஒன்றின் சுவரில் பெரிய துத்தநாகத் தகட்டைப் பொருத்தி, அதை நோக்கி மின்பொறியால் அலைகளை எழுப்பினார். போகிற அலையும் தகட்டில் பட்டுத் திரும்புகிற அலையும் சேர்ந்து, சில இடங்களில் ஒன்றையொன்று வலுப்படுத்தின. சில இடங்களில் ஒன்றையொன்று அழித்தன. நுண்ணிய இடைவெளி விட்ட கம்பி வளையத்தைக் கையில் பிடித்து அரங்கில் நகர்ந்தார். வலுத்த இடத்தில் வளையத்தின் இடைவெளியில் குட்டிப் பொறி பறந்தது. அழிந்த இடத்தில் பறக்கவில்லை. பொறி பறக்காத இரு அடுத்தடுத்த இடங்களுக்கு நடுவே உள்ள தூரம் அலைநீளத்தில் பாதி. கண்ணுக்குத் தெரியாத அலையின் நீளம் அளவுகோலில் விழுந்துவிட்டது. அதிர்வெண்ணை எண்ணிப் பார்க்க அன்று கருவி இல்லை. தன் மின்சுற்றின் அளவுகளிலிருந்து கணக்கிட்டார். இரண்டையும் பெருக்கித்தான் வேகத்துக்குப் போனார்.

ஹெர்ட்ஸ் இருட்டில் தேடிய நீளத்தை இன்று நாம் தினமும் ஆண்டெனாவின் உருவத்தில் பார்க்கிறோம். நிமிர்ந்து நிற்கும் கம்பி, அலைநீளத்தில் கால் பங்கு இருந்தால் நன்றாக வேலை செய்யும். அடியில் கொடுக்கும் மின்னோட்டம் கால் சுழற்சி நேரத்தில் நுனிக்குப் போகிறது; அங்கிருந்து இன்னொரு கால் சுழற்சியில் திரும்பி வருகிறது. சரியாக அந்த நேரத்தில் கருவி திசையை மாற்றித் தள்ளுவதால், ஒவ்வொரு தள்ளலும் முந்தையதோடு சேர்ந்து வலுக்கிறது. சென்னையின் 101.4 மெகா ஹெர்ட்ஸ் பண்பலையின் அலைநீளம் சுமார் 3 மீட்டர். கால் பங்கு 74 சென்டிமீட்டர். டிரான்சிஸ்டரில் இழுத்து நீட்டும் கம்பி ஏன் அந்த அளவில் இருக்கிறது என்பதற்கு விடை இதுதான். 1800 மெகா ஹெர்ட்ஸில் பேசும் கைபேசிக்கு 4 சென்டிமீட்டர் போதும். அதனால்தான் கைபேசியின் ஆண்டெனா உறைக்குள்ளேயே அடங்கிவிட்டது.

கட்டபொம்மன் நிலையத்தின் அலைகளில் ஒன்று 18.2 கிலோ ஹெர்ட்ஸ். மூன்று லட்சத்தை 18,200-ஆல் வகுத்தால் கிடைக்கும் அலைநீளம் சுமார் 16.5 கிலோமீட்டர். ஒரே ஒரு அலை! அதில் கால் பங்குதான் முதலில் சொன்ன நான்கு கிலோமீட்டர். அப்படியொன்றைக் கட்ட முடியாது என்பதால், கோபுர உச்சியிலிருந்து குடைபோலக் கம்பிகளை விரித்து இறக்கி, அடியில் பெரிய கம்பிச் சுருள்களைச் சேர்த்து, குட்டைக் கோபுரத்தை நெட்டைக் கோபுரத்தைப்போல நடந்துகொள்ள வைக்கிறார்கள்.

இத்தனை சிரமம் எதற்கு? உப்புநீருக்காக. கடல்நீர் மின்சாரத்தைக் கடத்தும். உள்ளே நுழையும் வானொலி அலை நீரில் மின்னோட்டங்களைக் கிளப்பிவிட்டு, தன் ஆற்றலை இழந்து தேய்ந்துபோகும். இங்கேதான் அந்தச் சமன்பாட்டின் அழகு தெரிகிறது. நீர்ப்பரப்பை நொடிக்கு 18,200 முகடுகள் வந்து தொட்டால், உள்ளே போவதும் 18,200-தான். நடுவில் தேங்க இடமில்லை, புதிதாக முளைக்கவும் வழியில்லை. ஆகவே அதிர்வெண் மாறாது. வேகம் மட்டும் நொடிக்குச் சுமார் 210 கிலோமீட்டராகச் சரிந்துவிடுகிறது. வேறு வழியில்லாமல் அலைநீளம் சுருங்குகிறது: காற்றில் பதினாறரை கிலோமீட்டர் நீண்டிருந்த அலை, கடலுக்குள் 12 மீட்டருக்கும் குறைவு.

உப்புநீரில் இத்தகைய அலை ஒரு முழு அலைநீள தூரம் போவதற்குள் அதன் வீச்சு ஐநூறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். 12 மீட்டர் அலை என்றால், பத்து மீட்டர் ஆழத்தில் இருக்கும் நல்ல கருவிக்கு மெல்லிய குரல் கேட்கும். பண்பலை அலையோ கடல்நீரில் சுமார் 15 சென்டிமீட்டராகச் சுருங்கி, சாண் ஆழத்திலேயே முடிந்துபோகும். நீர்மூழ்கிகள் ஆழத்தில் இருந்தபடியே நீண்ட கம்பி ஆண்டெனாவை மேல்மட்டத்துக்கு மிதக்கவிட்டு இழுத்துச் செல்வதும் இந்தக் கணக்கினால்தான்.

இன்னும் ஆழம் வேண்டும் என்று அமெரிக்கா 76 ஹெர்ட்ஸ் வரை இறங்கியது. அதன் அலைநீளம் சுமார் 3,950 கிலோமீட்டர். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை விரித்தாலும் மிச்சம் இருக்கும். கோபுரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. விஸ்கான்சினிலும் மிச்சிகனிலும் காடுகளின் ஊடே பல கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்பி இழுத்து, அடியில் இருந்த பாறையையே ஆண்டெனாவின் பகுதியாக்கினார்கள். 2004-ல் மூடும் வரை அந்த நிலையங்கள் இயங்கின. கடலில் நூறு மீட்டருக்கும் மேல் ஆழத்தில் அவற்றின் அலை கேட்டது. ஆனால் நொடிக்கு வெறும் 76 முறை அசைகிற அலையில் எவ்வளவு செய்தியை ஏற்ற முடியும்? மூன்று எழுத்துக் குறிச்சொல் ஒன்று போய்ச் சேரப் பல நிமிடங்கள் ஆயின. அதனால் முழு உத்தரவை அந்த அலையில் அனுப்பவில்லை. மேல்மட்டத்துக்கு ஏறி வரும்படி கப்பலுக்குத் தகவல் கொடுப்பார்கள். மீதியை அது இன்னும் வேகமாக அதிரும் அலையில் கேட்டுக்கொள்ளும்.