சூழல் காக்கும் பொறியாளரின் முதலாண்டு

பொறியியற் கல்லூரியில் தேர்ச்சி பெற்ற இளைஞர் ஒருவர், சாயத் தொழிற்சாலையிலோ மருந்துத் தொழிற்சாலையிலோ சுற்றுச்சூழல் பிரிவில் வேலைக்கு அமர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளன்று அவருக்குக் கிடைப்பவை ஒரு மேசையும், சில தடித்த கோப்புகளும், அரசுக்கு அனுப்பவேண்டிய படிவங்களின் பட்டியலுமே. ஆகவே தம் வேலை எழுத்து வேலைதான் என்று அவர் கருதத் தொடங்குகிறார். இக்கருத்துப் பிழையானது. ஏன் பிழையானது என்பதையும், இத்தொழிலின் முதலாண்டில் கற்கவேண்டியவை யாவை என்பதையும் இங்கே ஆராய்வோம்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். நம் நாட்டில் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-ஆம் ஆண்டிலும், காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டன. இவற்றின்படி மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் தொழிற்சாலைகளுக்கு இருவகை இசைவு வழங்குகின்றன. ஒன்று, தொழிற்சாலையை நிறுவுவதற்கான இசைவு. மற்றொன்று, அதை இயக்குவதற்கான இசைவு. எவ்வளவு பொருள் உற்பத்தி செய்யலாம், எவ்வளவு கழிவுநீர் வெளியேறலாம், அது எங்கே செல்லவேண்டும், எந்த எரிபொருளைப் பயன்படுத்தலாம், புகைபோக்கியின் உயரம் என்ன என்பன போன்ற நிபந்தனைகள் இசைவாணையில் இருக்கும். இளம் பொறியாளரின் முதற் பாடநூல் இதுவே. ஆனால் மேசையில் அமர்ந்து படிப்பதற்குரிய நூலன்று இது. ஒவ்வொரு நிபந்தனையையும் கையில் வைத்துக்கொண்டு, அதற்குரிய குழாயையும் தொட்டியையும் புகைபோக்கியையும் நேரில் சென்று கண்டு படிக்கவேண்டும்.

இவ்வாறு நேரில் காண்பதன் இன்றியமையாமையை உணர்த்தியது ஒரு பேரிடர். 1984-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் இரவு, போபால் நகரில் ஒரு பூச்சிமருந்துத் தொழிற்சாலையில் சுமார் 40 டன் மீதைல் ஐசோசயனேட் இருந்த தொட்டியினுள் நீர் புகுந்தது. வெளிப்பட்ட நச்சு வாயுவினால் ஆயிரக்கணக்கான மக்கள் மாண்டனர். அங்கே பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் இல்லை. தொட்டியைக் குளிர்விக்கும் கருவி இருந்தது. அது சில மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்து அழிக்கும் கோபுரம் இருந்தது. அதற்குச் செல்லும் குழாயின் ஒரு பகுதி கழற்றப்பட்டிருந்தது. காகிதத்தில் எல்லாம் இருந்தன. அன்றிரவு அவை இயங்கவில்லை. இப்பேரிடரின் பின்னரே 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. ஒரு கருவி இருப்பது வேறு, அது இயங்குவது வேறு. இவ்வேறுபாட்டை நாள்தோறும் கண்காணிப்பதே இப்பொறியாளரின் கடமை.

இனி, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்திற்கு வருவோம். அங்கே காற்றூட்டும் தொட்டியில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் கழிவை உண்டு வாழ்கின்றன. அவற்றுக்கு வேண்டிய ஆக்சிஜனைப் புளோயர் என்னும் காற்றுப் பொறி இடைவிடாது அளிக்கிறது. நீரில் எஞ்சியுள்ள கழிவின் அளவைக் காட்டுவது, தொழிலில் பி.ஓ.டி. என்று வழங்கும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை. ஆறு, ஏரி முதலியவற்றில் விடும் நீருக்கு இதன் பொது வரம்பு லிட்டருக்கு 30 மில்லிகிராம். சில தொழில்களுக்குத் தனி வரம்புகளும் உண்டு.

இச்சோதனையில் ஒரு சங்கடம் உள்ளது. மாதிரி நீரை 27 பாகை வெப்பத்தில் மூன்று நாள் வைத்திருந்த பின்னரே முடிவு தெரியும். அதற்குள் அந்த நீர் ஆற்றோடு கலந்துபோயிருக்கும். எனவே ஆய்வகத்தின் முடிவை மட்டும் நம்பியிருப்பவர், நடந்து முடிந்ததை அறிகிறாரேயன்றி நடப்பதை அறிவதில்லை. நடப்பதை அறியக் கண்ணும் மூக்கும் வேண்டும். காற்றூட்டும் தொட்டியின் நீரை ஒரு லிட்டர் அளவுக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அரைமணி நேரம் அசையாமல் வைத்தால், கசடு எவ்வளவு படிகிறது, மேலே நிற்கும் நீர் தெளிவாக உள்ளதா என்பவை புலப்படும். நுரையின் தோற்றம், கசட்டின் நிறம், அழுகல் நாற்றம் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு செய்தி கூறும். இம்மொழியைப் பல்லாண்டு பயின்றவர் அங்குள்ள மூத்த ஆப்பரேட்டரே. பட்டம் பெற்றோம் என்ற செருக்கின்றி அவரிடம் கேட்டுக் கற்பது நன்று.

கணக்கும் பெருந்துணை புரியும். 20 கிலோவாட் மின்சாரம் கொள்ளும் புளோயர் 24 மணி நேரம் ஓடினால் 480 யூனிட் செலவாகவேண்டும். மின்மானி 300 யூனிட் மட்டுமே காட்டினால், அது 15 மணி நேரமே ஓடியிருக்கிறது. மின்கட்டணத்தை மிச்சப்படுத்த எண்ணி, இரவில் யாரோ 9 மணி நேரம் அதை நிறுத்தியிருக்கிறார்கள். ‘நாள் முழுதும் இயங்கியது’ என்று பதிவேடு கூறினாலும் மின்மானி உண்மையைச் சொல்லிவிடும்.

மற்றொரு தந்திரமும் உண்டு. கழிவுநீரோடு நல்ல நீரைக் கலந்தால் எண் குறைந்துவிடும் அன்றோ? லிட்டருக்கு 300 மில்லிகிராம் கொண்ட ஒரு லட்சம் லிட்டர் கழிவுநீரில் மொத்தம் 30 கிலோகிராம் அழுக்கு உள்ளது. அதனோடு ஒன்பது லட்சம் லிட்டர் நல்ல நீரைக் கலந்தால் அளவு 30 மில்லிகிராமாக இறங்கும். ஆனால் ஆற்றுக்குச் செல்லும் அழுக்கு அதே 30 கிலோகிராம்தான். ஒன்பது லட்சம் லிட்டர் நல்ல நீரும் வீணாயிற்று.

இத்தனை கற்ற பின்னும் உண்மையான தேர்வு வேறொரு நாளில் வரும். நமக்குத் தெரிந்த ஓர் இளம் பொறியாளருக்கு அது எட்டாம் மாதத்தில் வந்தது. ஆய்வு முடிவு 46 என்று வந்தது. ‘28 என்று எழுதிவிடு, அடுத்த வாரம் சரியாகிவிடும்’ என்றார் மேலதிகாரி. அவர் தீயவரல்லர், உற்பத்தி நின்றால் தாம் பதில் சொல்லவேண்டுமே என்று அஞ்சியவர். இளைஞரோ வாடகை வீட்டில் பெற்றோரை வைத்துக் காப்பாற்றி வந்தவர். வேலையை இழக்க அவராலும் இயலாது.

அவர் மூன்று காரியங்கள் செய்தார். 46 என்பதை நாளும் நேரமும் குறித்துப் பதிவேட்டில் எழுதினார். வெளியேறும் நீரைச் சேமிப்புத் தொட்டிக்குத் திருப்பி, மீண்டும் சுத்திகரிக்க வழி செய்தார். பின்னர், காரணத்தைத் தேடி ஒவ்வொரு ஷிப்டாகக் கால்வாயின் வழியே பின்னோக்கி நடந்தார். இரவு ஷிப்டில் ஒரு பாத்திரத்தைக் கழுவிய கடுங்காரநீர் நேராகக் கால்வாயில் விடப்பட்டு, நுண்ணுயிர்களைக் கொன்றிருந்தது தெரிந்தது. காரணத்தையும் பரிகாரத்தையும் ஒரே பக்கத்தில் எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தார். வெறும் மறுப்பாக இருந்திருந்தால் அது சச்சரவில் முடிந்திருக்கும். வழியையும் உடன் காட்டியதால் மேலதிகாரி அதை ஏற்றுக் கையெழுத்திட்டார். அவ்வாண்டு இளைஞருக்குச் சம்பள உயர்வு கிட்டவில்லை என்பதையும் மறைக்காமல் கூறவேண்டும். ஆயினும் அப்பதிவேட்டை அவர் யாரிடமும் அஞ்சாது காட்டலாம்.

பொய் எண் நெடுநாள் மறைந்திராது. 27, 28, 28, 29 என்று மாதக்கணக்கில் வரிசையாக நிற்கும் எண்களைக் கண்டதுமே அனுபவமுள்ள ஆய்வாளர் ஐயுறுவார். உண்மை நீர் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. மேலும், மிகுதியாக மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழில்கள் தொடர் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்தவேண்டும் என்று மத்திய வாரியம் 2014-ஆம் ஆண்டில் பணித்தது. வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில், மாசு செய்தவரே அதன் இழப்பை ஈடுசெய்யவேண்டும் என்னும் நெறி நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. பொய் எண் தொழிற்சாலைக்கும் இலாபமன்று.

இத்துறையில் புகுவோர் தொழிற்சாலையிலும், ஆலோசனை நிறுவனத்திலும், ஆய்வகத்திலும், வாரியத்திலும் பணி பெறலாம். எங்குச் செல்வதாயினும் முதல் ஓரிரு ஆண்டுகளைத் தொட்டிகளுக்கும் குழாய்களுக்கும் இடையே கழிப்பது நலம். அறிக்கை எழுதப் பின்னர்க் கற்றுக்கொள்ளலாம். அறிக்கை எதைப் பற்றியது என்பதை அங்கேதான் கற்கமுடியும்.

தொழிற்சாலையின் கால்வாய் மதிற்சுவரோடு முடிவதில்லை. அதற்கப்பால் ஒரு கிணறும், அக்கிணற்றில் நீர் இறைக்கும் ஒரு குடும்பமும் உண்டு. அவர்கள் நம் பதிவேட்டைப் படிக்கப்போவதில்லை. அதில் எழுதிய எண் மெய்யா பொய்யா என்பதை அவர்களுடைய நீர் காட்டிவிடும்.