தொட்டிக்குள் ஒரு பாட்டில் பிரஷ்

தில்லிப் பூங்காக்களில் மார்ச் மாதம் சிவப்புச் சிவப்பாகப் பூத்து நிற்கும் பாட்டில் பிரஷ் மரத்தை அன்பர்கள் பார்த்திருப்பீர்கள். பலரும் அதை இந்த ஊர் மரம் என்றே எண்ணியிருக்கிறோம். அதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதி. அங்கே ஓடைக் கரைகளிலும் ஈரமான தாழ்நிலங்களிலும் புதராக வளர்வது. 1789-ல் ஜோசப் பாங்க்ஸ் மூலம் இங்கிலாந்துத் தோட்டங்களுக்குப் போயிற்று. சிவப்பாகத் தெரிவது இதழ்கள் அல்ல, மகரந்தத் தாள்கள். 'காலிஸ்டெமான்' என்ற அதன் பெயருக்குக் கிரேக்க மொழியில் அழகிய மகரந்தத் தாள் என்று பொருள்.

வெயில் விழும் பால்கனி இருந்தால் இதைப் போன்சாயாக வளர்க்கலாம். ஆனால் ஜப்பானிய மரங்களுக்கு எழுதிய புத்தகத்தை நம்பி இறங்காதீர்கள். நான் அப்படித்தான் இறங்கினேன். குளிர்காலத்தில் வேர் வெட்டு என்று புத்தகம் சொன்னது; ஜனவரியில் வெட்டினேன். மார்ச்சில் கையில் இருந்தது விறகுக் குச்சி. இலையுதிர்க்கும் மரம் குளிரில் உறங்கும். இது என்றும் பச்சையாக இருப்பது. குளிரில் வெட்டிய வேர் மீண்டும் துளிர்க்கத் தெம்பிராது. மழை தொடங்கிய பின் ஜூலையில், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, வேரில் மூன்றில் ஒரு பங்கு வெட்டினால் போதும். அன்றைக்கே அடிமரத்திலும் கை வைக்க வேண்டாம்.

விதையிலிருந்து வளர்க்கப் பொறுமை வேண்டும். நர்சரியில் அடி பருத்த செடியாகப் பார்த்து வாங்குங்கள். முதிர்ந்த கட்டையிலிருந்தும் தளிர் விடும் என்பதால் உயரத்தைத் தைரியமாகக் குறைக்கலாம். கம்பி சுற்றுவதை மட்டும் இளங்கிளையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முற்றிய கிளை படக்கென்று ஒடிந்துவிடும்.

இலை மட்கும், இங்கே பதர்பூர் என்று சொல்லும் பருமணலும் சம அளவு கலந்தால் மண் தயார். தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஓடைக் கரைச் செடி அல்லவா? மே, ஜூன் மாதங்களில் தொட்டிக்கு அடியில் தண்ணீர்த் தட்டே வைக்கலாம். டெங்கு கொசு முட்டையிடாமலிருக்கத் தட்டை ஒருநாள் விட்டு ஒருநாள் கழுவிவிட வேண்டும். போர் தண்ணீரின் சுண்ணாம்பு இதற்கு ஆகாது. நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் மாறினால் இரும்புச் சத்து ஏறவில்லை என்று அர்த்தம். சேமித்த மழைநீர் ஊற்றுங்கள். நர்சரியில் கிடைக்கும் இரும்புச் சத்து உரமும் கொடுக்கலாம்.

இனி கத்தரிப்பு. இந்தச் செடியின் விசித்திரமே இதில்தான் இருக்கிறது. பல செடிகளில் பூவோடு கிளை முடியும். இதிலோ பூவின் நுனியிலிருந்தே கிளை மேலும் நீளும். பூ இருந்த இடத்தில் மணிமணியாக விதைக்காய்கள் வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியே விட்டால் பூ வருடாவருடம் எட்டிப் போய், கிளை மொட்டையாகும். பூ வாடியவுடன் அதற்குச் சற்றுப் பின்னால் வெட்டுங்கள். ஒன்றுக்கு மூன்றாகத் தளிர்க்கும். அக்டோபருக்குப் பிறகு நுனியைத் தொட்டால் அடுத்த பூ போச்சு.

மரம் குறுகினாலும் பூ அந்த அளவுக்குக் குறுகாது. ஒரு சாண் மரத்தில் முழுப் பிரஷ் தொங்கினால் வேடிக்கையாகத்தான் இருக்கும். ஒன்றரை அடிக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.