இங்கிலீஷ்காரன் வாயில் நம்ம கட்டுமரம்!

கதிர்காமத்தில் கடல் கிடையாது. அலைச் சத்தம் கேட்க வேண்டுமானால் டவுனைத் தாண்டிக் கிழக்கே போகவேண்டும். ஆனால் மீன் மட்டும் வீடு தேடி வரும்.

அப்படிக் கூடையோடு வந்த மீன்கார ஆயா ஒருவர், திண்ணையில் பாடம் படித்துக்கொண்டிருந்த பையன் முன்னால் நின்றுவிட்டார்.

"கேட்டமரான் என்றால் இரண்டு உடம்புள்ள படகு" என்று பையன் உரக்கப் படித்தான்.

ஆயா கூடையை இறக்கினார்.

"இன்னாடா தம்பி சொல்ற? கட்டுமரத்துக்கு ஏது ரெண்டு ஒடம்பு? மரத்த மரத்தோட சேத்துக் கட்டுனா கட்டுமரம். எங்க வூட்டுக்காரரு முப்பது வருசம் அதுலதான் தொழிலுக்குப் போனாரு."

"புஸ்தகத்துல அப்படித்தான் ஆயா போட்டிருக்கு!"

இதில் யார் சொன்னது சரி? இரண்டு பேரும் சொன்னது சரி. ஆனால் முதலில் சரி, ஆயாதான்!

நகை வியாபாரி பார்த்தது

கட்டுமரம் என்ற நம்முடைய சொல்தான் கப்பல் ஏறி இங்கிலீஷுக்குப் போய் 'கேட்டமரான்' ஆனது. பிரெஞ்சுக்காரர்கள் 'கத்திமரோன்' என்று எழுதினார்கள்.

1583-ல் மயிலாப்பூர் சாந்தோம் பக்கம் வந்த பால்பி என்ற வெனிஸ் நகை வியாபாரி, உருண்டை மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவையைப் பார்த்து, பேரோடு எழுதிவைத்தார். கடலோடி டாம்பியர் 1697-ல் வெளியிட்ட பயணப் புத்தகத்திலும் இந்தப் பேர் இருக்கிறது.

வெள்ளைக்காரர்கள் அசந்துபோனதற்குக் காரணம் உண்டு. படகு என்றால் உள்ளே தண்ணீர் புகக்கூடாது. கட்டுமரத்தில் தண்ணீர் வந்த வழியே போய்விடும். அலை புரட்டிப் போட்டாலும் முழுகாது. மறுபடி ஏறிக் குந்திக்கொள்ளலாம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள்.

அந்தக் காலத்தில் சென்னையிலும் சரி, புதுச்சேரியிலும் சரி, கப்பல் தூரத்தில்தான் நங்கூரம் போடும். ஆளையும் சரக்கையும் சலங்குப் படகில் கரை சேர்த்தார்கள். சலங்கு போகமுடியாத கொந்தளிப்பிலும் கட்டுமரம் போகும். சென்னையில் கட்டுமரக்காரர்கள் ஓலைத் தொப்பிக்குள் கடிதத்தைச் செருகிக்கொண்டு அலைக்குள் பாய்வார்கள். ஆள் நனைவார், கடிதம் நனையாது!

வெடியும் வாயாடியும்

போன இடத்தில் இந்தச் சொல் பட்ட பாடு கொஞ்சமல்ல.

1804-ல் நெப்போலியன் இங்கிலாந்துமேல் படையெடுக்கக் கப்பல்களைத் திரட்டினான். அவற்றைத் தகர்க்க அமெரிக்கர் ராபர்ட் புல்டன் மிதக்கும் வெடிப்பெட்டிகள் செய்து கொடுத்தார். இங்கிலீஷ் கப்பற்படை அதற்கு வைத்த பேர் 'கேட்டமரான்'. பூலோன் துறைமுகத்தில் வெடித்தார்கள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்து, சண்டைக்காரப் பெண்பிள்ளையைத் திட்டவும் இதே சொல்! 19-ம் நூற்றாண்டு இங்கிலீஷ் நாவல்களில் வாயாடிக் கிழவிக்கு 'கேட்டமரான்' என்று பேர். பூனைக்கு 'கேட்' என்பதால் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆயா காதில் இது விழாமல் இருப்பது நல்லது.

இரண்டு உடம்பு எப்படி வந்தது?

பசிபிக் தீவுக்காரர்கள் இரண்டு ஓடங்களைக் குறுக்குக் கட்டையால் பிணைத்து ஓட்டினார்கள். அது வேறு சாதிப் படகு. வெள்ளைக்காரர்கள் நம்முடைய பேரைத் தூக்கி அதற்கும் வைத்துவிட்டார்கள்.

1876-ல் நியூயார்க்கில் ஹெரஷாப் என்பவர் 'அமரில்லிஸ்' என்ற இரட்டைப் படகைப் பந்தயத்தில் இறக்கினார். மற்ற படகுகள் எல்லாம் பின்னால்! தோற்றவர்கள் கூச்சல் போட்டு, இந்த மாதிரிப் படகே கூடாது என்று தள்ளிவைத்தார்கள்.

இன்று அமெரிக்கக் கடற்படையிலேயே 100 மீட்டருக்கு மேல் நீளமுள்ள 'கேட்டமரான்' கப்பல்கள் ஓடுகின்றன. இன்போசிஸ் நாராயணமூர்த்தியின் முதலீட்டுக் கம்பெனிக்கும் இதுதான் பேர்.

"எங்க காட்டுறது?"

பேர் உலகம் சுற்றுகிறது. பொருள்தான் ஊரில் அருகிவிட்டது. நல்ல லேசான மரத்துக்குத் தட்டுப்பாடு, விலையும் ஏறியது. பைபர் படகு கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் மரங்கள் அடித்துப்போக, நிவாரணமாக வந்ததும் பைபர் படகுதான். மோட்டாரைத் தட்டினால் பறக்கும். வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

"நெஜக் கட்டுமரம் காட்றீங்களா ஆயா?" என்று பையன் கேட்டான்.

"எங்க காட்டுறது? எங்க வூட்டு மரத்துல ரெண்டு, வாசல்ல குந்தறதுக்குக் கெடக்குது. வந்தா பாரு."

"பரீட்சையில என்ன எழுதுறது?"

"புஸ்தகத்துல இருக்கறதயே எழுது ராசா. அப்பதான் மார்க்கு போடுவாங்க."

கூடையைத் தலைக்கு ஏற்ற ஆள் வேண்டும். பையன் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வந்து கை கொடுத்தான்.