எண்ணுக்குப் பின்னால் ஓர் எண்

கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்குப் போய், ‘25 மி.மீ.’ என்று மட்டும் எழுதிய வரைபடத்தைக் கொடுத்துப் பாருங்கள். கூடக் குறைய எவ்வளவு போகலாம் என்றுதான் முதலில் கேட்பார்கள். டாலரன்ஸ் தெரியாமல் 25 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கடைசல் பிடிக்க முடியாது. அங்கிருந்து நான்குவழிச் சாலையில் வடக்கே போய், தேனி சாலையில் மேற்கே திரும்பினால் மதுரை காமராசர் பல்கலைக்கழகம். புரதங்களின் வடிவத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் இடம். அந்தத் துறையின் அளவு ஆங்ஸ்ட்ராம்: ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. இத்தனை நுணுக்கமாக அளக்கும் துறையில்கூட, ‘இந்த இரண்டு புரதங்களும் 0.9 ஆங்ஸ்ட்ராம் அளவுக்குப் பொருந்துகின்றன’ என்று எழுதிவிட்டு, மென்பொருளில் எந்த அமைப்பை வைத்தபோது அந்த எண் வந்தது என்று சொல்லாமல் விடும் பழக்கம் உலகெங்கும் இருக்கிறது. சின்ன விடுபடல் போலத் தெரியும். அதனால் ஆய்வின் முடிவே மாறிப்போகலாம்.

இரண்டு புரதங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஏன் பார்க்க வேண்டும்? புரதம் என்பது அமினோ அமிலங்களால் ஆன சங்கிலி. பரிணாமத்தில் அந்த வரிசை வேகமாக மாறும். சங்கிலி மடிந்திருக்கும் வடிவம் அவ்வளவு சீக்கிரம் மாறாது. வரிசையில் பெரும்பகுதி ஒத்துப்போகாத இரண்டு புரதங்கள் ஒரே மாதிரி மடிந்திருப்பது உண்டு. தசையிலுள்ள மயோகுளோபினும், ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினின் சங்கிலிகளும் இதற்குப் பழைய சாட்சிகள். உறவு தெரிய வேண்டுமானால் வடிவத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மென்பொருள் ஒவ்வோர் அமினோ அமிலத்தையும் ஒரு புள்ளியாக எடுத்துக்கொள்கிறது. வழக்கமாக அதன் ஆல்ஃபா கார்பன் அணு இருக்கும் இடம். பிறகு இரண்டு வேலைகள். முதல் புரதத்தின் எந்தப் புள்ளிக்கு இரண்டாவதில் எது ஜோடி என்று முடிவு செய்வது ஒன்று. ஜோடிகளுக்கு இடையிலான தூரம் மொத்தத்தில் குறைவாக இருக்கும்படி ஒரு புரதத்தைத் திருப்பி, நகர்த்தி வைப்பது மற்றொன்று. இரண்டாவது வேலைக்குத் துல்லியமான கணித விடை உண்டு. வொல்ஃப்காங் கப்ஷ் 1976-இல் தந்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. சிக்கல் முழுவதும் முதல் வேலையில்தான். ‘ஜோடி’ என்று எதைச் சொல்வது, எதைக் கழிப்பது, நடுவில் எத்தனை இடைவெளி விடலாம் என்பதையெல்லாம் யாரோ ஒருவர் எண்களாக முடிவு செய்து மென்பொருளுக்குள் வைத்திருக்கிறார். நாம் தொடாவிட்டால் அவை அப்படியே வேலை செய்யும். அவைதான் ‘டிஃபால்ட்’.

இதைப் புரிந்துகொள்ள மதுரையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. டைபாய்டு காய்ச்சலை உண்டாக்கும் சால்மோனெல்லா டைஃபி பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் ‘ஓம்ப்-எஃப்’ என்ற புரதம் உண்டு. சிறு மூலக்கூறுகள் உள்ளே போய்வர வழிவிடும் துளை அது. காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எஸ். கிருஷ்ணசாமியின் குழு அதைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர்களால் அதன் வடிவத்தைக் கண்டறிந்து 2012-இல் வெளியிட்டது. ஈ. கோலை பாக்டீரியாவின் ஓம்ப்-எஃப் வடிவம் 1992-லேயே வெளியாகியிருந்தது. ஆகவே இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்ப்பது இயல்பான அடுத்த வேலை.

இந்தப் புரதம் 16 பீட்டா இழைகள் வளைந்து சேர்ந்த பீப்பாய் வடிவம் கொண்டது. இப்படி மூன்று பீப்பாய்கள் சேர்ந்தே இயங்கும். இழைகளை இணைக்கும் வளைவுகளில் ஒன்று பீப்பாய்க்குள் மடிந்து துளையைக் குறுக்குகிறது. மற்ற நீண்ட வளைவுகள் பாக்டீரியாவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது பீப்பாய் அதிகம் மாறுவதில்லை. மாறுவது வெளி வளைவுகள். நம் உடலின் எதிர்ப்பாற்றல் முதலில் எதிர்கொள்வதும் அவற்றைத்தான். டைபாய்டுக்குப் பரிசோதனையோ தடுப்பூசியோ யோசிப்பவருக்கு வேண்டிய தகவல் அங்கேதான் இருக்கிறது.

இப்போது ‘பைமால்’ மென்பொருளைத் திறந்து ‘அலைன்’ கட்டளையைக் கொடுப்போம். அது முதலில் எல்லா ஜோடிகளையும் பொருத்தும். பிறகு அதிகம் விலகி நிற்கும் ஜோடிகளைக் கழித்துவிட்டு மறுபடி பொருத்தும். டிஃபால்ட்டில் இப்படி 5 சுற்று வரை நடக்கும். கழிப்பதற்கான வரம்பு 2.0. கடைசியில் திரையில் வரும் ஆர்எம்எஸ்டி, மிஞ்சிய ஜோடிகளுக்கு மட்டுமானது. ஆர்எம்எஸ்டி என்பது ஒவ்வொரு ஜோடியின் விலகலையும் வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, அதன் வர்க்கமூலம் கண்ட எண். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 100 ஜோடிகளில் 90 ஜோடிகள் 0.8 ஆங்ஸ்ட்ராம் விலகல், 10 ஜோடிகள் 6 ஆங்ஸ்ட்ராம் விலகல் என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் சேர்த்தால் ஆர்எம்எஸ்டி சுமார் 2.04. அந்தப் பத்தையும் கழித்துவிட்டால், மீதியை மறுபடி பொருத்துவதற்கு முன்பே 0.8. புரதங்கள் அதேதான், எண் மட்டும் பாதிக்கும் கீழே போய்விட்டது. அந்தப் பத்தும் வெளி வளைவுகளாக இருந்தால், நாம் தேடிவந்ததையே மென்பொருள் ஓசையில்லாமல் கழித்துவிட்டது என்று பொருள்.

இதை மென்பொருளின் குற்றம் என்று சொல்வது நியாயமில்லை. மாறாத மையப் பகுதியைப் பார்க்க விரும்புகிறவருக்கு இந்தக் கழித்தல் மிகவும் உதவும். சுற்று எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கினால் எதுவும் கழியாது. ‘கைமெரா-எக்ஸ்’ மென்பொருளின் ‘மேட்ச்மேக்கர்’ கருவியிலும் 2 ஆங்ஸ்ட்ராம் வரம்பு டிஃபால்ட்டாக இருக்கிறது. ஆனால் அது கழித்த பிறகு வந்த எண்ணையும், எல்லா ஜோடிகளுக்குமான எண்ணையும் அருகருகே காட்டும். இது நல்ல வழக்கம். இரண்டில் சிறியதை மட்டும் எடுத்துக் கட்டுரையில் போடுவது நல்ல வழக்கமல்ல.

ஆர்எம்எஸ்டிக்கு இந்தப் பலவீனம் இருப்பதால்தான் யாங் ஜாங், ஜெஃப்ரி ஸ்கோல்னிக் இருவரும் 2004-இல் டிஎம்-ஸ்கோர் என்ற மதிப்பெண்ணை முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டு அதை அடிப்படையாகக் கொண்ட ‘டிஎம்-அலைன்’ வந்தது. இதில் விலகிய ஜோடியைக் கழிப்பதில்லை. விலக விலக மதிப்பெண் குறையும். எவ்வளவு விலகினால் பாதி மதிப்பெண் என்பதைத் தீர்மானிக்கும் எல்லைத்தூரம் ஒன்று உண்டு. புரதத்தின் நீளத்திலிருந்து 15-ஐக் கழித்து, கனமூலம் எடுத்து, 1.24-ஆல் பெருக்கி, 1.8-ஐக் கழித்தால் அந்தத் தூரம் ஆங்ஸ்ட்ராமில் வரும். 100 அமினோ அமிலம் கொண்ட புரதத்துக்கு இது சுமார் 3.65. ஈ. கோலையின் ஓம்ப்-எஃப் சங்கிலி போல 340 நீளம் என்றால் சுமார் 6.7. அதாவது 3.65 ஆங்ஸ்ட்ராம் விலகிய ஜோடிக்குச் சிறிய புரதத்தில் 0.5 மதிப்பெண், பெரியதில் ஏறக்குறைய 0.77. பெரிய புரதத்துக்குச் சலுகை காட்டுவது போலத் தோன்றலாம். ஆனால் எந்த உறவும் இல்லாத இரண்டு புரதங்களைப் பொருத்தினாலும் வரும் மதிப்பெண், நீளத்தைப் பொறுத்து ஏறி இறங்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

இங்கே இன்னொரு கண்ணி இருக்கிறது. கூட்டிய மதிப்பெண்ணை எந்த நீளத்தால் வகுப்பது? 100 நீளமுள்ள சிறிய புரதம், 340 நீளமுள்ள பெரிய புரதத்தின் ஒரு பகுதிக்குள் அச்சாகப் பொருந்துகிறது என்று வையுங்கள். சிறியதன் நீளத்தால் வகுத்தால் டிஎம்-ஸ்கோர் 1. பெரியதன் நீளத்தால் வகுத்தால் 0.29. டிஎம்-ஸ்கோர் 0.5-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் ஒரே மடிப்பு என்பது துறையின் வழக்கு. ஆக, ஒரே பொருத்தம் ஒரு கணக்கில் ‘சொந்தம்’, இன்னொன்றில் ‘அந்நியம்’. டிஎம்-அலைன் இரண்டு மதிப்பெண்களையும் தருகிறது. சராசரி நீளத்தால் வகுக்கும் தெரிவும் உண்டு. பெரிய புரதத்துக்குள் ஒரு பகுதியைத் தேடுகிறோமா, இரண்டும் முழுமையாக ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கிறோமா? கேள்வி தெளிவாக இருந்தால் எந்த எண்ணை எடுப்பது என்பதும் தெளிவு. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: டிஎம்-அலைன் வழக்கமாகக் கோப்பின் முதல் சங்கிலியை மட்டுமே எடுத்துக்கொள்ளும். மூன்று பீப்பாய்கள் சேர்ந்திருக்கும் விதத்தை ஒப்பிட அது போதாது; அதற்கு 2022-இல் வந்த ‘யுஎஸ்-அலைன்’ போன்றவற்றில் பல சங்கிலிகளுக்கான தெரிவைப் போட வேண்டும்.

மற்ற மென்பொருள்களின் உள்ளேயும் இப்படிப்பட்ட எண்கள்தான். 1998-இல் வந்த ‘சிஇ’ எட்டு எட்டு அமினோ அமிலத் துண்டுகளாகச் சங்கிலியை ஒப்பிட்டு இணைக்கிறது. நடுவே 30 அமினோ அமிலங்களுக்கு மேல் தாண்ட விடாது. ‘ஃபேட்கேட்’ புரதத்தைக் கீல் போல 5 இடங்கள் வரை மடக்க அனுமதிக்கும். அசையும் புரதங்களுக்கு அது வரம்; அசையாதவற்றில் இல்லாத ஒற்றுமையை உண்டாக்கிவிடவும் கூடும்.

அமைப்பு எண்ணை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு நம் மாநிலத்தில் ஓர் உயர்ந்த முன்னுதாரணம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963-இல் வெளியிட்ட வரைபடம் இன்று உலகின் உயிர்வேதியியல் பாடநூல்களில் ராமச்சந்திரன் வரைபடமாக நிற்கிறது. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று காட்டும் படம் அது. அதன் அடிப்படைக் கேள்வி: இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? இதற்கு ஒரே விடையை அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு கார்பன் அணுக்களுக்கு வழக்கமான எல்லை 3.2 ஆங்ஸ்ட்ராம், கடைசி எல்லை 3.0. இப்படி இரண்டு அட்டவணை வைத்து இரண்டு முறை கணக்கிட்டார்கள். கொஞ்சம் தளர்த்தியதும் இடப்பக்கமாகச் சுழலும் ஆல்ஃபா சுருளுக்கான பகுதியும் அனுமதிக்குள் வந்தது. ஓர் ஆங்ஸ்ட்ராமில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு மாற்றத்தில் வரைபடத்தில் புதிதாக ஓர் இடம் திறந்தது. கண்டிப்பான எல்லை, தளர்ந்த எல்லை இரண்டையும் வாசகர் பார்க்கும்படி வரைந்து வைத்தார்கள். எல்லையை நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம் என்பதை மறைக்காத அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆல்ஃபாஃபோல்டு மென்பொருள் கணித்த 20 கோடிக்கும் மேற்பட்ட புரத வடிவங்கள் 2022 முதல் இலவசமாகக் கிடைப்பதால் இந்தக் கவனம் இன்று இன்னும் அவசியமாகிறது. ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் 100-க்கு எவ்வளவு நம்பிக்கை என்ற மதிப்பெண்ணும் அந்தக் கோப்புகளிலேயே உண்டு. 50-க்குக் கீழ் இருக்கும் பகுதிகள் பெரும்பாலும் ஒழுங்கான வடிவமே இல்லாத வால்கள். அவற்றை வெட்டாமல் பொருத்தினால் ஆர்எம்எஸ்டி வீங்கும். வெட்டினால் எந்த மதிப்பெண்ணில் வெட்டினோம் என்பதும் ஓர் அமைப்பாகிவிடும்.

கல்லூரிகளின் உயிர்தகவலியல் ஆய்வகங்களில் இதற்கென்று தனியாகச் செலவு எதுவும் ஆகாது. மாணவரின் ரெக்கார்டு நோட்டில் ஆர்எம்எஸ்டி என்று ஒரு கட்டம் இருக்கும் இடத்தில் கூடுதலாக நான்கு கட்டம் போடலாம்: மென்பொருளின் பெயரும் பதிப்பும், கழிப்பு வரம்பு, எத்தனை ஜோடிகளில் எத்தனை மிஞ்சின, எந்த நீளத்தால் வகுத்தது. டைபாய்டு கிருமியின் ஓம்ப்-எஃப், ஈ. கோலையின் ஓம்ப்-எஃப் இரண்டும் புரதத் தரவு வங்கியில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் டிஃபால்ட்டில் ஒருமுறை, பிறகு கழிப்பை நிறுத்திவிட்டு ஒருமுறை பொருத்தச் சொல்லுங்கள். இரண்டு எண்களுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம், அதில் எந்தெந்த வளைவுகளுக்கு எவ்வளவு பங்கு என்று மாணவரே திரையில் சுட்டிக்காட்டட்டும்.