மேடு பள்ளத்தில் ஓடினால் முழங்கால் ஏன் வலிக்கிறது?

தில்லிவாழ் தமிழர்களிடையே காலை ஓட்டம் இப்போது நன்றாகவே பரவிவிட்டது. 2005இல் இங்கே தொடங்கிய அரை மாரத்தானில் ஒருமுறையாவது ஓடிப் பார்க்க ஆசைப்படுபவர்கள், சர்க்கரைக்காக டாக்டர் சொல்லி ஓடுபவர்கள், போலீஸ், துணை ராணுவ வேலைக்கு விண்ணப்பித்திருக்கும் பிள்ளைகள் எனப் பலரும் என்னிடம் வருகிறார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்நகரில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் எனக்கு அவர்கள் சொல்லும் குறை மனப்பாடம்: “தெருவில் ஓடினால் ஒன்றுமில்லை மேடம். சஞ்சய் வனத்துக்குள் ஓடினால்தான் முட்டி வலிக்கிறது.”

வீட்டில் பெரியவர்கள் அதற்குள் தீர்ப்புச் சொல்லியிருப்பார்கள்: “முட்டி தேய்ந்துபோச்சு, இனிமேல் ஓடாதே.” தேய்மானத்துக்கும் இந்த வலிக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை என்பதைத்தான் வாசக அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

சஞ்சய் வனம் ஆரவல்லி மலைத்தொடரின் வால்நுனியில் இருக்கிறது. மேலே புழுதி, அடியில் கூரான பாறை, ஓரங்களில் நம் ஊர்ச் சீமைக்கருவேலம். இங்கே அதற்கு விலாயதி கீக்கர் என்று பெயர். நாம் ஊரை விட்டு வந்தாலும் அது நம்மை விடுவதாயில்லை. தார்ச்சாலையில் ஒவ்வொரு அடியும் முந்தைய அடியைப் போலவே விழும். காட்டுப் பாதையில் பாதம் ஒருமுறை உள்பக்கம் சாய்கிறது, மறுமுறை வெளிப்பக்கம் சாய்கிறது. முள்ளைக் கண்டு சட்டென்று விலகினால் உடம்பே திரும்புகிறது. இதையெல்லாம் சமாளிக்க வேண்டியவை கணுக்காலும் இடுப்பும். முழங்காலோ கதவுக் கீல் மாதிரி. முன்னும் பின்னும் மடங்கும், பக்கவாட்டில் அதிகம் அசையாது. மற்ற இரண்டும் வலுவிழந்திருந்தால் அவற்றின் வேலை நடுவில் மாட்டிக்கொண்ட முழங்காலின் தலையில் விழுகிறது.

2015இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டரை சென்டிமீட்டர் வரை ஏற்றத்தாழ்வுள்ள தளத்தில் ஓடியவர்களுக்குச் சமதளத்தைவிட 5 சதவீதம் கூடுதல் சக்தி செலவானது. ஐந்துதானே என்று தோன்றும். ஆனால் சதை சீக்கிரம் களைத்தால் கடைசிக் கிலோமீட்டரில் கால் தன் போக்கில் விழ ஆரம்பிக்கும்.

வலி என்று வருபவரிடம் நான் முதலில் கேட்பது, “எந்த இடம், கையால் காட்டுங்கள்” என்பதுதான். முன்புறம் சில்லின் மேல் உள்ளங்கையை வைத்துக் காட்டுகிறவர்கள் அதிகம். மாடிப்படி இறங்கும்போதும், சினிமாவில் மூன்று மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்து எழும்போதும் இவர்களுக்கு வலிக்கும். காட்டில் ஏற்றத்தைவிட இறக்கமே இவர்களுக்கு எதிரி. ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறக்கத்தில் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் பிரேக் போடுகிறது. தொடையின் முன்சதை உடல் எடையை இழுத்துப் பிடிக்க, சில்லு தொடையெலும்பின் மேல் அழுந்துகிறது.

வெளிப்பக்கம் ஒரே புள்ளியை விரலால் தொட்டுக் காட்டினால் அது வேறு சங்கதி. இடுப்பிலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை தொடையின் வெளிப்பக்கமாக ஒரு நார்ப்பட்டை ஓடுகிறது. முழங்கால் ஏறத்தாழ 30 டிகிரி மடங்கும்போது அது எலும்பு மேட்டை அழுத்துகிறது. ஓட்டத்தில் பாதம் தரையைத் தொட்டதும் வருவது ஏறக்குறைய அதே மடிப்பு. முதல் கிலோமீட்டரில் ஒன்றும் தெரியாது. பிறகு தினமும் கிட்டத்தட்ட அதே தூரத்தில் கத்தியால் குத்தினாற்போல் வரும்.

இப்படி வலியோடு வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். விழுப்புரம் பக்கத்துக் குடும்பம். அம்மா நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். பெண் தில்லி போலீஸ் காவலர் எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். உடல்தகுதித் தேர்வில் 1600 மீட்டரை 8 நிமிடத்தில் ஓட வேண்டும். ஒன்பது வாரமே இருந்தது. “முட்டி போய்ட்டா நாளைக்கு இவள எவன்மா கட்டிப்பான்? ஓட வேணாம்னு நீங்களே சொல்லுங்கம்மா” என்றார் தாய். பெண் ஒன்றும் பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓடும் இடம் எப்படி என்று கேட்டேன். வீட்டருகே காலி மைதானம். நடுவில் மேடு, ஓரமெல்லாம் சரிவு, இடிபாட்டுக் கற்கள். தினமும் பன்னிரண்டு சுற்று, அதுவும் கோயிலில் வலம் வருவதற்கு எதிர்த்திசையில். ஆகவே வலது கால் எப்போதும் சரிவின் தாழ்ந்த பக்கத்தில். வலியும் அதே காலில். படிக்கட்டில் நின்று அந்த ஒற்றைக்காலில் மெதுவாக இறங்கச் சொன்னதும் முழங்கால் உள்பக்கமாகச் சரிந்தது. இடுப்பின் பக்கச் சதைக்கு வலுவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

ஓட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. முதல் இரண்டு வாரம் சமதளத்தில், வலி ஆரம்பிக்கும் தூரத்துக்கு முன்னரே நின்றுவிட வேண்டும். சுற்றும் திசையை நாள்தோறும் மாற்ற வேண்டும். வாரத்தில் மூன்று நாள் பயிற்சி: ஒருக்களித்துப் படுத்து மேல்காலை நீட்டித் தூக்குவது, படியில் ஒற்றைக்காலில் இறங்கி ஏறுவது, குதிகாலைத் தூக்கி நிற்பது, பாதி தோப்புக்கரணம். தேர்வில் பன்னிரண்டு விநாடி மிச்சம் வைத்து ஓடி முடித்தாள்.

இதே பயிற்சிகள் முன்புற வலிக்காரர்களுக்கும் பொருந்தும். தோப்புக்கரணம் மட்டும் வலிக்காத அளவுக்கு இறங்கினால் போதும். பால் பொங்கக் காத்திருக்கும் நேரத்தில் மடித்த போர்வையின் மேல் ஒற்றைக்காலில் நின்று பழகினால் கணுக்கால் தேறும். ஓடும்போது எட்டி வைக்காமல் அடியைச் சுருக்கி, எண்ணிக்கையைக் கூட்டுங்கள். நிமிடத்துக்கு 160 அடி வைப்பவர் அதே வேகத்தில் 176 ஆக்கலாம். இப்படி 10 சதவீதம் கூட்டியபோது சில்லின் மேல் விழும் உச்ச அழுத்தம் சுமார் 14 சதவீதம் குறைந்ததாக 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. இறக்கத்தில் இது மிகவும் உதவும்.

வலி லேசாக இருந்து மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் தொடரலாம். மறுநாளும் நொண்டினால் தூரத்தைக் குறையுங்கள். எல்லோரும் கேட்கும் நீகேப் ஒரு தைரியத்துக்கு உதவும். தைலம் தேய்த்தால் இதமாக இருக்கும். இரண்டும் சதைக்கு வலு தராது.

தேய்மானப் பயத்துக்கு வருவோம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான கட்டுரையின்படி, இடுப்பு அல்லது முழங்கால் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதத்தினருக்கே இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டி ஓட்டக்காரர்களில் மட்டும் 13.3 சதவீதம். ஓடினதால்தான் குறைந்தது என்று இதை வைத்துச் சாதிக்க முடியாது. எடை குறைவானவர்களே அதிகம் ஓடுகிறார்கள் என்றும் இருக்கலாம். ஆனாலும், அளவாக ஓடினால் முட்டி தேயும் என்று சொல்ல இதில் இடமில்லை.

எலும்பு டாக்டரிடம் தாமதிக்காமல் போக வேண்டிய நேரங்களும் உண்டு. கல்லில் கால் திருகி சில மணி நேரத்தில் மூட்டு வீங்கினால், மடக்கிய கால் நீட்ட வராமல் மாட்டிக்கொண்டால், நடக்கையில் முழங்கால் நழுவினால், மூட்டு சிவந்து சுட்டுக் காய்ச்சலும் இருந்தால், என் போன்றவர்களிடம் வந்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. பத்திலிருந்து பதினைந்து வயதுக்குள் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து வலித்தால், அது பெரும்பாலும் வளர்ச்சிப் பருவத்து வலி. ஓட்டத்தைக் குறைத்தால் காலப்போக்கில் அடங்கும். ஆனால் அதே வயதுப் பிள்ளை முழங்கால் வலி என்று சொல்லி நொண்டி நடந்து, முழங்காலில் ஒன்றும் தென்படாவிட்டால் கோளாறு இடுப்பு மூட்டில் இருக்கக்கூடும். இடுப்பின் வலி முழங்காலில் தெரிவது உண்டு. இடுப்பையும் சேர்த்துப் பார்க்கும்படி டாக்டரிடம் அன்றைக்கே கேளுங்கள்.